கப்பலுக்கு முன்னால் ஓர் ஊர்

அண்டார்க்டிகா போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் கப்பல் ஏறுவது அர்ஜென்டினாவின் தென்கோடியில் உள்ள ஒரே ஊரில்தான். அந்த ஊரைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

கே: உஷுவாயா, உசுவையா, உஷ்வயா... எப்படித்தான் சொல்வது?

ப: ஊர்க்காரர்கள் 'உஸ்வாயா' என்கிறார்கள். யாகான் என்ற பழங்குடி மக்கள் வைத்த பெயர். கடைசியில் வரும் 'வாயா' அவர்கள் மொழியில் குடா. ஆழ்ந்த குடா, உள்ளொதுங்கிய குடா என்றெல்லாம் பொருள் சொல்கிறார்கள். பெயர் வைத்தவர்களின் கதை கீழே வருகிறது. அதைப் படிக்காமல் பக்கத்தைத் திருப்பாதீர்கள்.

கே: கப்பல் மாலையில்தானே கிளம்புகிறது? அன்று காலை விமானத்தில் போய் இறங்கினால் ஓட்டல் வாடகை மிச்சமாகுமே?

ப: வாடகை மிச்சமாகும், கப்பல் போய்விடும். பியூனஸ் அயர்ஸிலிருந்து உஸ்வாயாவுக்கு மூன்றரை மணி நேரப் பறப்பு. மலைக்காற்று வலுத்தால் விமானம் தாமதமாகும். விமான ஊழியர் வேலைநிறுத்தமும் அந்த நாட்டில் அபூர்வமில்லை. ஒருவருக்காகக் கப்பல் நிற்காது, கட்டிய பணமும் பெரும்பாலும் திரும்பாது.

நான் போய் இறங்கிவிட்டேன், என் பெட்டி மறுநாள் இரவுதான் வந்தது. மூன்று நாள் முன்னதாகப் போயிருந்ததால் பிழைத்தேன். என்னோடு இறங்கிய ஒரு தம்பதி அன்று மாலையே ஏறவேண்டியவர்கள். அவர்களுடைய பெட்டியும் வரவில்லை. பத்து நாள் துருவக் குளிரைக் கடன் வாங்கிய துணியில் கழிக்கக் கிளம்பினார்கள்.

இன்னொன்று. பியூனஸ் அயர்ஸுக்கு வரும் வெளிநாட்டு விமானங்கள் பெரும்பாலும் எஸெய்சா நிலையத்தில் இறங்கும். உஸ்வாயா விமானங்கள் பல, ஏரோபார்க்கே என்ற வேறு நிலையத்திலிருந்து கிளம்பும். இரண்டுக்கும் நடுவே ஒரு மாநகரமே இருக்கிறது. டிக்கெட் போடும் முன் எந்த நிலையம் என்று பாருங்கள்.

கே: மூன்று நாள் அந்தக் குளிரில் என்ன செய்வது? ஊரே ஒரு தெருதான் என்கிறார் போய்வந்த நண்பர்.

ப: நண்பர் ஓட்டலுக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் மட்டும் நடந்திருக்கிறார். அவர் சொல்வது சான் மார்ட்டின் தெரு. கடைகள் எல்லாம் அதில்தான். ஆனால் அது 80,000 பேர் வாழும் ஊர், டியெர்ரா டெல் ஃபுவேகோ மாகாணத்தின் தலைநகரம். ஒரு நாள் சிறைக்கு, ஒரு நாள் காட்டுக்கு, ஒரு நாள் கடலுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாது என்றுதான் தோன்றும்.

கே: எவ்வளவு தெற்கு?

ப: தென் அட்சரேகை 54 டிகிரி 48 நிமிடம். ஆப்பிரிக்காவின் தென்முனையே இதற்கு 2,000 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே நின்றுவிடுகிறது. அண்டார்க்டிகத் தீபகற்பம் இங்கிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர். தன் நாட்டுத் தலைநகரத்தைவிட அண்டார்க்டிகாவுக்கு நெருக்கமான ஊர் இது.

கே: உலகின் கடைசி ஊர் இதுதானா?

ப: 'உலகின் முடிவு' என்று பலகை வைத்திருக்கிறார்கள். அதன் முன்னே நின்று படம் எடுக்காமல் யாரும் கப்பல் ஏறுவதில்லை. ஆனால் ஊருக்கு முன்னால் கிடக்கும் பீகிள் கால்வாயின் தென்கரையில், நவரினோ தீவில், சிலி நாட்டின் புவர்ட்டோ வில்லியம்ஸ் இன்னும் தெற்கே இருக்கிறது. சுமார் இரண்டாயிரம் பேர்தான். 2019-ல் சிலி அரசு அதை நகரம் என்று அறிவித்தது. என் தீர்ப்பு: கடைசி ஊர் புவர்ட்டோ வில்லியம்ஸ், கடைசிப் பெரிய ஊர் உஸ்வாயா.

கே: அங்கே சூரியன் மேற்கில் உதிக்குமா?

ப: கிழக்கில்தான் உதிக்கும். ஆனால் நண்பகலில் வடக்கு வானத்தில் நிற்கும். அதனால் வெயில் வேண்டுமென்றால் வடக்கு பார்த்த ஜன்னல் உள்ள அறையைக் கேளுங்கள், கடல் தெரியவேண்டுமென்றால் தெற்கு பார்த்த அறை. இரவில் ஓரியன் விண்மீன் கூட்டம் தலைகீழாகத் தொங்கும். அதைப் பார்க்க டிசம்பரில் வெகுநேரம் விழித்திருக்க வேண்டும். பகலே 17 மணி நேரம்.

கே: எந்த மாதம் போகலாம்?

ப: சுற்றுலாக் கப்பல்கள் நவம்பர் முதல் மார்ச் வரை. நவம்பரில் பனி மிதிபடாமல் இருக்கும், பென்குயின்கள் கூடு கட்டும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் குஞ்சு பொரிக்கும். பிப்ரவரி, மார்ச் திமிங்கிலங்களுக்கு. உஸ்வாயாவைக் கேட்டால் நான் டிசம்பர் என்பேன். வீட்டு வேலி ஓரமெல்லாம் ஊதாவும் இளஞ்சிவப்புமாக லூபின் பூ நிமிர்ந்து நிற்கும். அதுவும் வெளியிலிருந்து வந்த செடி என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் வெளியிலிருந்து வந்தவற்றின் பட்டியல் நீளமானது.

கே: ஜனவரி அங்கே கோடைதானே? ஸ்வெட்டர் சுமக்கவேண்டுமா?

ப: கோடையில் சராசரி வெப்பம் 10 டிகிரியை ஒட்டித்தான். அதன்மேல் காற்று. காலையில் வெயில், பத்து மணிக்கு மழை, மதியம் ஆலங்கட்டி, மறுபடி வெயில் என்று ஒரே நாளில் நான்கு பருவமும் வரும். காற்று வீசும் திசைக்கே முதுகு வளைந்து வளர்ந்த மரங்களைச் சாலையோரம் பார்ப்பீர்கள். கொடி மரம் என்கிறார்கள், பறக்கும் கொடியைப் போலவே இருக்கும்.

ஒரே கனத்த கோட்டைவிட மூன்று மெல்லிய அடுக்கு மேல். உடம்பை ஒட்டிக் கம்பளி, நடுவில் ஃப்ளீஸ், மேலே காற்றும் நீரும் புகாத ஜாக்கெட். பருத்தியை வீட்டில் விடுங்கள், நனைந்தால் உலராது. ஜீன்ஸ் அறவே வேண்டாம்.

சன் ஸ்க்ரீன் மறக்காதீர்கள். வசந்தத்தில் ஓசோன் ஓட்டையின் விளிம்பு சில நாள் இந்த ஊருக்கு மேலேயே வரும். குளிர்கிறதே என்று முகத்தை வெயிலுக்குக் கொடுத்தால் தோல் உரியும்.

கே: எல்லாம் விலைக்கு வாங்கினால் சொத்து போய்விடுமே?

ப: வாங்காதீர்கள். பல கப்பல்களில் மேலங்கி தருவார்கள், ரப்பர் பூட்ஸ் இரவல் கொடுப்பார்கள். பதிவு செய்யும்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். நீர் புகாத காற்சட்டையை உஸ்வாயாவிலேயே வாடகைக்கு எடுக்கலாம். மூன்று நாள் முன்னே போவதில் இது இன்னொரு லாபம். கையுறை மட்டும் இரண்டு ஜோடி சொந்தமாக வேண்டும், ஒன்று நனையும்.

கே: நாங்கள் சுத்த சைவம். மாட்டிறைச்சி தேசத்தில் பட்டினிதானா?

ப: பட்டினி இல்லை, ஆனால் கேட்கத் தெரியவேண்டும். 'சின் கார்னே' என்றால் இறைச்சி இல்லாமல் என்று பொருள். ஆனால் அங்கே 'கார்னே' என்றாலே மாட்டிறைச்சிதான் பலர் மனத்தில் வரும். கோழித் துண்டோ பன்றித் தொடைத் துண்டோ போட்டு, இறைச்சி இல்லை என்று நம்பிக் கொடுத்துவிடுவார்கள். ஏமாற்று எண்ணம் கிடையாது. அதனால் 'சின் கார்னே, சின் போஜோ, சின் ஹமோன், சின் பெஸ்காதோ' என்று வரிசையாகச் சொல்லுங்கள். இறைச்சி, கோழி, பன்றி, மீன் நான்கும் விலகும்.

அர்ஜென்டினாவுக்கு இத்தாலியர்கள் லட்சக்கணக்கில் குடிவந்தார்கள். அது சைவர்களின் அதிர்ஷ்டம். பீட்ஸா, பாஸ்தா, உருளைக்கிழங்கு மாவில் செய்யும் நோக்கி எங்கும் கிடைக்கும். நம் சோமாசியைப் போல மடித்துச் சுட்ட எம்பனாடாவில் கீரை வைத்ததும், 'ஊமித்தா' என்ற சோளம் வைத்ததும் உண்டு. இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்கு. ஏழு மணிக்குப் பசிப்பவர்கள் பேக்கரியில் எதையாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நடுப்பகலில் பல கடைகள் சில மணி நேரம் சாத்தியிருக்கும், அதற்குத் தகுந்தபடி கிளம்புங்கள். கப்பலில் கவலை வேண்டாம், முன்கூட்டிச் சொன்னால் சைவம் சமைப்பார்கள்.

கே: அசைவர்களுக்கு?

ப: சென்டோயா என்ற ராட்சத நண்டு. பீகிள் கால்வாயிலேயே பிடிப்பது. கால்கள் ஒரு முழம் விரியும். அடுத்தது, சிலுவை போன்ற இரும்புச் சட்டத்தில் விரித்துக் கட்டி, விறகுத் தணலைச் சுற்றிச் சாய்த்து நிறுத்தி மணிக்கணக்கில் வாட்டும் ஆட்டுக்குட்டி. உப்பைத் தவிர மசாலா கிடையாது. சாப்பிட்டு முடித்ததும் கலஃபாத்தே பழக் கூழ் கேளுங்கள். அந்தக் கருநீலப் பழத்தைத் தின்றவர் திரும்ப அந்த மண்ணுக்கு வருவார் என்பது படகோனியாவின் நம்பிக்கை.

கே: ஒரு சிறைச்சாலையைப் பார்க்கவா இத்தனை லட்சம் செலவழித்துப் போவது?

ப: அந்தச் சிறையைப் பார்க்காமல் அந்த ஊர் புரியாது. தென்கோடியில் குடியேற ஆள் வரவில்லை. எல்லைக்கு அப்பால் சிலி. மண்ணில் தன் ஆட்கள் இருந்தால்தான் மண் தனது என்று அர்ஜென்டினா நினைத்தது. 1896-ல் கைதிகளை அனுப்பத் தொடங்கியது. 1902-ல் அவர்களை வைத்தே கல் சிறை கட்ட ஆரம்பித்தது. நட்சத்திரம் போல ஐந்து கட்டடங்கள், 380 தனி அறைகள். நெருக்கடியான காலத்தில் 600 பேருக்கு மேல் அடைபட்டார்கள். ஊரின் தெருக்கள், பாலங்கள், மின்சாரம், ரொட்டி, அச்சகம் எல்லாம் கைதிகளின் கையால் வந்தவை.

தப்பி ஓடினால் எங்கே போவது? ஒரு பக்கம் உறையும் கடல், மறுபக்கம் பனிமலை. சிமோன் ரதோவிட்ஸ்கி என்ற இளைஞர் 1909-ல் பியூனஸ் அயர்ஸ் போலீஸ் தலைவரைக் குண்டு வீசிக் கொன்றவர். தொழிலாளர் ஊர்வலத்தில் போலீஸ் சுட்டுக் கொன்றதற்குப் பழி. வயது 18 என்பதால் மரண தண்டனை இல்லை, உஸ்வாயா. 1918-ல் தப்பினார். சில வாரத்தில் பிடிபட்டார். 1930-ல்தான் மன்னிப்பு கிடைத்தது.

1947-ல் அதிபர் பெரோனின் அரசு சிறையை மூடியது. இப்போது அருங்காட்சியகம். ஒரு கட்டடத்தை மட்டும் வெள்ளையடிக்காமல், பழுது பார்க்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். சூடேற்றுவதும் இல்லை. நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு அதற்குள் பத்து நிமிடம் நில்லுங்கள். கோட்டு இல்லாதவர்கள் வருடக்கணக்கில் நின்ற இடம் அது.

கே: 'உலகின் முடிவு ரயில்' என்று ஒன்று ஓடுகிறதாமே? குழந்தைகளுக்கான பொம்மை ரயிலா?

ப: குழந்தைகள் ரசிப்பார்கள். பெரியவர்கள் ஜன்னலுக்கு வெளியே பார்க்கவேண்டும். கைதிகளை விறகு வெட்டக் காட்டுக்கு ஏற்றிப்போன பாதையில், கடைசி ஏழு கிலோமீட்டரில், 1994 முதல் சுற்றுலா ரயில் ஓடுகிறது. வழியெங்கும் வெட்டப்பட்ட மரங்களின் அடிக்கட்டைகள், நூற்றாண்டு ஆகியும் மட்காமல் சாம்பல் நிறத்தில் நிற்கின்றன. குளிர் அத்தனை மெதுவாகத்தான் எதையும் தின்னும். சில கட்டைகள் முழங்கால் உயரம், சில மார்பு உயரம். உயரக் கட்டைகள் குளிர்காலத்தில் வெட்டியவை. பனி எந்த மட்டத்தில் கிடந்ததோ அதற்கு மேலேதான் கோடாலி விழுந்தது. எந்தப் புத்தகத்தையும்விட அந்தக் கட்டைகள் எனக்கு அதிகம் சொல்லின.

கே: வெள்ளைக்காரர் வருமுன் அங்கே யார் இருந்தார்கள்? அந்தக் குளிரில் ஆடை இல்லாமல் வாழ்ந்தார்கள் என்பது கட்டுக்கதையா?

ப: உண்மை. யாகான் மக்கள் ஆறாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கால்வாய்க் கரையில் வாழ்ந்தவர்கள். படகுதான் வீடு. மழையும் தூறலும் ஓயாத ஊரில் துணி நனைந்து ஒட்டினால் குளிர் கூடும், வெற்றுடம்பு சீக்கிரம் உலரும். உடம்பில் கடல்நாய்க் கொழுப்பைப் பூசிக்கொண்டு, தோளில் ஒரு தோல் துண்டோடு திரிந்தார்கள். மரப்பட்டைப் படகின் நடுவே மண் பரப்பி, அதில் எந்நேரமும் தீ வளர்த்தார்கள். பனிநீரில் நீந்தி, மூழ்கிச் சிப்பி எடுத்தவர்கள் பெண்கள். 1520-ல் மெகல்லன் அந்தப் பக்கம் வந்தபோது கரையெல்லாம் நெருப்பும் புகையும் கண்டார்கள். டியெர்ரா டெல் ஃபுவேகோ, அதாவது நெருப்பு நிலம், என்ற பெயர் அப்படி வந்தது.

1833 ஜனவரியில் பீகிள் கப்பலில் வந்த இளைஞர் சார்லஸ் டார்வின் இவர்களைப் பார்த்து, மனிதரில் இத்தனை கீழான நிலை உண்டா என்று எழுதினார். பிறகு தாமஸ் பிரிட்ஜஸ் என்ற ஆங்கிலிகன் மிஷனரி அவர்களோடு தங்கி மொழியைக் கற்று ஓர் அகராதி எழுதினார். ஏறக்குறைய 32,000 சொற்கள். டார்வின் கண்ணுக்குத் தெரியாதது பிரிட்ஜஸ் காதுக்குக் கேட்டது.

1884-ல் அர்ஜென்டினா கொடியேற்றி ஊரை நிறுவியது. அதே காலத்தில் கப்பல்களோடு தட்டம்மையும் இறங்கியது. எதிர்ப்புச் சக்தி இல்லாத உடம்புகள். ஒரு தலைமுறைக்குள் சில ஆயிரம் பேர் சில நூறாகச் சுருங்கினார்கள். யாகான் மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர், புவர்ட்டோ வில்லியம்ஸ் அருகே வாழ்ந்த கிறிஸ்டினா கால்தெரோன், 2022 பிப்ரவரியில் தம் 93-ஆம் வயதில் காலமானார். வழித்தோன்றல்கள் இருக்கிறார்கள், சொற்களை மீட்க முயல்கிறார்கள். ஊருக்கு அருகிலுள்ள தேசியப் பூங்காவின் கரையோரம் புல் மூடிய வட்ட மேடுகளைப் பார்ப்பீர்கள். அவர்கள் தின்றுபோட்ட சிப்பி ஓடுகள் குடிசையைச் சுற்றிக் குவிந்தவை. அதன்மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள்.

கே: பூங்காவில் வேறென்ன விசேஷம்?

ப: சாலை முடிகிற இடம். மூன்றாம் எண் தேசிய நெடுஞ்சாலை லாபத்தாயா குடாவில் வந்து நின்றுவிடுகிறது. பியூனஸ் அயர்ஸ் 3,079 கிலோமீட்டர், அலாஸ்கா 17,848 கிலோமீட்டர் என்று பலகை. பூங்காவின் வேறொரு கரையில் ஒரு சிறு தபால் நிலையமும் உண்டு, திறந்திருந்தால் 'உலகின் முடிவு' முத்திரை குத்துவார்கள். ஆசைக்குப் பாஸ்போர்ட்டில் குத்திக்கொள்ள வேண்டாம். அரசு சாராத முத்திரையைக் கண்டு வேறொரு நாட்டுக் குடியேற்ற அதிகாரி முகம் சுளிக்கலாம். ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுபோங்கள்.

கே: காட்டில் மரமெல்லாம் செத்து நிற்கும் படம் பார்த்தேன். தீ விபத்தா?

ப: தண்ணீர். 1946-ல் தோல் வியாபாரம் வளர்க்கலாம் என்று அரசு கனடாவிலிருந்து மரம் கொறித்து அணை கட்டும் 20 பீவர்களைக் கொண்டுவந்து விட்டது. தோல் வியாபாரம் வளரவில்லை, பீவர் வளர்ந்தது. அதைத் தின்ன அங்கே கரடியும் இல்லை, ஓநாயும் இல்லை. ஓடைக்கு ஓடை அணை கட்டியது. கனடாவில் வெட்டுப்பட்ட மரங்கள் பல அடியிலிருந்து துளிர்க்கும். அங்குள்ள லெங்கா மரம் அப்படித் துளிர்க்காது, வேர் நீரில் மூழ்கினால் செத்துவிடும். இன்று ஒரு லட்சம் பீவர் இருக்கலாம் என்பது மதிப்பீடு. தீவைக் கண்டத்திலிருந்து பிரிக்கும் நீரிணையை நீந்திக் கடந்து கண்டத்தின் நிலப்பரப்பிலும் ஏறிவிட்டது. இருபது என்ற எண்ணை மறக்காதீர்கள், கடைசிக் கேள்வியில் வேண்டியிருக்கும்.

கே: ஜூல் வெர்ன் எழுதிய 'உலகின் முடிவிலுள்ள கலங்கரை விளக்கம்' இன்னும் நிற்கிறதா? படகில் கூட்டிப்போவார்களாமே?

ப: படகில் காட்டுவது வேறு விளக்கம். சிவப்பும் வெள்ளையுமாக, கால்வாய் நடுவே பாறைமேல் நிற்கும் லெஸ் எக்லரே. 1920-ல் ஏற்றியது. வெர்ன் 1905-லேயே இறந்துவிட்டார். அவர் கதையில் வருவது கிழக்கே தொலைவில், எஸ்தாதோஸ் தீவில் 1884-ல் ஏற்றிய மர விளக்கம். அதன் முழு அளவுப் பிரதி சிறை அருங்காட்சியக முற்றத்தில் இருக்கிறது. படகுப் பயணத்தை விடாதீர்கள். கடல் சிங்கங்கள் ஒன்றன்மேல் ஒன்று புரளும் பாறைகளும், பென்குயின் போலவே கறுப்பு வெள்ளையில் நிற்கும் நீர்க்காகங்களும் வழியில். நிஜப் பென்குயினைப் பார்க்க மார்ட்டியோ தீவுக்குப் போகவேண்டும்.

கே: நடக்க விருப்பம். பெரிய மலையேற்றம் முடியாது.

ப: எஸ்மெரால்டா ஏரி. போக வர மூன்று நாலு மணி நேரம். காடு, சதுப்பு, பீவர் அணை, கடைசியில் பனியாற்று நீர் நிரம்பிய பச்சை ஏரி. சதுப்பில் கணுக்கால் வரை பூட்ஸ் இறங்கும்.

கே: ஃபாக்லாண்ட் தீவுகளுக்கும் போகும் கப்பலில் பதிவு செய்திருக்கிறேன். ஊரில் அதைப் பற்றிப் பேசலாமா?

ப: பேசலாம், 'மால்வினாஸ்' என்று சொல்லுங்கள். அங்கே அது வரைபடச் சண்டை இல்லை, வீட்டுத் துக்கம். அந்தத் தீவுகளுக்காக 1982-ல் பிரிட்டனோடு நடந்த போரில் ஜெனரல் பெல்கிரானோ என்ற அர்ஜென்டினப் போர்க்கப்பல் ஏப்ரல் 26 அன்று இந்தத் துறைமுகத்திலிருந்துதான் போனது. மே 2 அன்று பிரிட்டிஷ் நீர்மூழ்கி அதை மூழ்கடித்தது. 323 பேர் திரும்பவில்லை. கடற்கரைச் சாலையில் நினைவுச் சின்னம் இருக்கிறது. விமான நிலையத்தின் பெயரே மால்வினாஸ் அர்ஜென்டினாஸ். உங்கள் கப்பல் எங்கே போகிறது என்பதில் அவர்களுக்குக் கோபமில்லை. சின்னத்தின் முன்னே சிரித்து செல்ஃபி எடுத்தால் வருத்தப்படுவார்கள்.

கே: விசா? பணம்? மொழி?

ப: விசா: இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு வேண்டும். அமெரிக்க விசா வைத்திருப்பவர்களுக்குச் சலுகைகள் உண்டு. விதிகள் மாறுகின்றன. டெல்லித் தூதரகத்திலோ மும்பைத் துணைத் தூதரகத்திலோ கேட்டபிறகே விமான டிக்கெட் போடுங்கள். பணம்: அட்டை செல்லும். மடங்காத, கறையில்லாத நூறு டாலர் நோட்டுகள் கொஞ்சம் கையில் வையுங்கள், கசங்கிய நோட்டுக்கு மதிப்புக் குறைப்பார்கள். மொழி: ஓட்டலில் ஆங்கிலம் ஓடும், பேக்கரியில் ஓடாது. 'புவென் தீயா', 'கிராசியாஸ்' இரண்டையும் கற்றுக்கொண்டு போனால் மிச்சத்தைக் கை பார்த்துக்கொள்ளும்.

கே: உஸ்வாயாவுக்கே போய்க் காத்திருந்தால் கடைசி நேரத்தில் பாதி விலைக்கு இடம் கிடைக்குமாமே?

ப: சில நேரம் விலை இறங்கும். மாதக்கணக்கில் ஊர் சுற்றும் இளைஞர்களுக்குச் சரி. எண்ணி லீவு எடுத்து, எண்ணி விசா வாங்கிப் போகிறவர்களுக்கு வேண்டாம்.

கே: டிரேக் நீரிணையை நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

ப: காரணம் தெரிந்தால் பயம் பாதி குறையும். ஹார்ன் முனைக்கும் தெற்கு ஷெட்லாண்ட் தீவுகளுக்கும் நடுவே சுமார் 800 கிலோமீட்டர். அந்த அட்சரேகையில் பூமியை முழுக்கச் சுற்றி வந்தாலும் குறுக்கே ஒரு நிலம் கிடையாது. காற்றும் அலையும் தடையே இல்லாமல் வட்டமடிக்கின்றன. உலகத்து ஆறுகள் எல்லாம் சேர்ந்து கொண்டுபோகும் நீரைப்போல நூறு மடங்குக்கு மேல் அந்த இடுக்கு வழியே பாய்கிறது. கடக்க ஏறக்குறைய இரண்டு நாள். அமைதியாக இருந்தால் 'டிரேக் ஏரி', ஆடினால் 'டிரேக் குலுக்கல்' என்பார்கள் மாலுமிகள். எது வாய்க்கும் என்று முன்னதாகச் சொல்ல முடியாது.

உங்களுக்குச் சாதகமான விஷயம் ஒன்று உண்டு. மாலையில் கிளம்பும் கப்பல் முதல் சில மணி நேரம் பீகிள் கால்வாயின் அமைதியான நீரில்தான் போகும். நள்ளிரவை ஒட்டித்தான் ஆட்டம் ஆரம்பிக்கும். மாத்திரையைக் கால்வாயிலேயே போடுங்கள். வாந்தி வந்தபிறகு மாத்திரை வயிற்றில் நிற்காது. காதுக்குப் பின்னே ஒட்டும் பட்டை எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது, கண் நீர் அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

கே: அம்மாவுக்கு 71 வயது. ஆயுளில் ஒரு தடவை அண்டார்க்டிகா பார்க்கவேண்டும் என்கிறார். அழைத்துப்போகலாமா?

ப: அழைத்துப்போங்கள். கப்பலிலிருந்து ரப்பர் படகில் இறங்கி ஏறவேண்டும். இரண்டு மாலுமிகள் முழங்கையைப் பிடித்துக்கொள்வார்கள். தம் காலில் படி இறங்க முடிந்தால் போதும். இறங்கவே முடியாத நாளிலும் மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பனிமலை நகர்ந்து வரும். கப்பலில் மருத்துவர் இருப்பார், ஆனால் அங்கே மருத்துவமனை கிடையாது. அவசர மீட்புச் செலவை ஏற்கும் காப்பீடு கட்டாயம். அம்மா வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை இரண்டு பங்காக்கி இரண்டு பைகளில், இரண்டும் கைப்பையாகவே. உஸ்வாயாவின் மூன்று நாள் உங்கள் இருவருக்கும் ஒத்திகை. மலைச்சரிவு ஊர், தெருக்கள் செங்குத்து. துறைமுகத்திலிருந்து சான் மார்ட்டின் தெருவுக்கு அம்மா நின்று நின்றாவது ஏறிவிட்டால் தைரியமாகக் கப்பல் ஏறலாம்.

கே: நாம் போவதே அந்தப் பனிநிலத்துக்குக் கேடு இல்லையா? மனச்சாட்சி உறுத்துகிறது.

ப: உறுத்தட்டும். ஒரு பருவத்தில் அண்டார்க்டிகா போகிறவர்கள் இப்போது ஒரு லட்சத்துக்கும் மேல். 500 பயணிகளுக்கு மேல் ஏற்றும் கப்பல்கள் ஆளை இறக்குவதில்லை. ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் நிற்கக் கூடாது. பென்குயினுக்கும் நமக்கும் ஐந்து மீட்டர் இடைவெளி. பறவைக் காய்ச்சல் பரவியதிலிருந்து தரையில் உட்காரவும் மண்டியிடவும் தடை. போவதென்று முடிவு செய்தால் சிறிய கப்பலாகப் பாருங்கள், இந்த விதிகளை ஒன்று விடாமல் கடைப்பிடியுங்கள். அந்த அக்கறை இல்லாதவர்கள் போகாமல் இருப்பதே நல்லது.

கே: கப்பல் ஏறுவதற்கு முந்தின இரவு கட்டாயம் செய்யவேண்டியது என்ன? ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

ப: பூட்ஸ் கழுவுங்கள். எஸ்மெரால்டா சதுப்பின் கரிய மண் அடித் தடங்களில் அப்பியிருக்கும். ஓட்டல் குழாயடியில் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுங்கள். சட்டைப்பையைப் புறம்திருப்பி உதறுங்கள். வெல்க்ரோ பட்டையில் புல்விதை சிக்கியிருக்கும், ஊசியால் கோதி எடுங்கள். கப்பலிலும் சோதிப்பார்கள், கிருமிநாசினியில் காலை முக்கச் சொல்வார்கள். அவர்கள் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்காதீர்கள். தட்டம்மை கப்பலில்தான் வந்தது. பீவர் இருபதுதான். அண்டார்க்டிகாவுக்கு நீங்கள் கொண்டுபோகும் மண்ணும் விதையும் உஸ்வாயாவிலேயே நின்றுவிடட்டும். அந்த இரவு அரை மணி நேரத்தை இதற்கென்று ஒதுக்கிவையுங்கள்.